வாவியின் இரு கரைகளும்: மட்டக்களப்பு, அம்பாறை விடுமுறைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்புக்கு விடுமுறையில் வருகிறவர்களில் பெரும்பாலோர் நேராகப் பாசிக்குடாவுக்குப் போகிறார்கள். ஆசைதீரக் குளிக்கிறார்கள், இறால் குழம்போடு ஒரு வேளை சோறு சாப்பிடுகிறார்கள், மறுநாள் காலையில் வாகனத்தைத் திருப்பிவிடுகிறார்கள். பாசிக்குடா அழகான இடம்தான், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் இந்த மண்ணின் பாதியை எட்டிக்கூடப் பார்க்காமல் போகிறார்களே என்பதுதான் என் ஆற்றாமை.

மட்டக்களப்பு வாவி கடற்கரையை ஒட்டியே வடக்கிலிருந்து தெற்காக 50 கிலோமீற்றருக்கும் மேல் நீண்டு கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே உள்ள மணல் நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிந்து கிடப்பது படுவான்கரை. ஒரு கரையில் மீனும் சந்தையும் நெருக்கமான ஊர்களும். மறு கரையில் நெல்லும் மாடும் பழைய கோவில்களும். இரண்டையும் பார்க்கும்படி விடுமுறையைத் திட்டமிடுங்கள். ஐந்து நாட்கள் கிடைத்தால் தாராளம், நான்கு நாட்களிலும் ஒப்பேற்றலாம்.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

மேற்குக் கரையில் மழை கொட்டும் மாதங்களில் நம் கரையில் வெயில். அதனால் கொழும்பு வானிலையை வைத்துக் கிழக்கைக் கணக்குப் போடாதீர்கள். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை கடல் அடங்கியிருக்கும். ஒக்டோபர் கடைசியில் வாடைக்காற்றோடு மாரி தொடங்கினால் ஜனவரி வரை கடல் கொந்தளிக்கும், தாழ்ந்த வீதிகளில் வெள்ளம் ஏறும். அந்த மாதங்களில் கடல் குளிப்பை நம்பி வராதீர்கள்.

வயல் பார்க்க வேண்டுமென்றால் கணக்கு வேறு. பெரும்போக அறுவடை பெப்ரவரி, மார்ச்சில் நடக்கும். சிறுபோக அறுவடை ஜூலை, ஓகஸ்டில். ஆகவே கடலும் அடங்கி, நீர்ப்பாசனமுள்ள வயல்களில் நெல்லும் பழுத்து நிற்கும் காலம் ஜூலைதான். பகலில் மேற்கிலிருந்து கச்சான் காற்று அனலாக வீசும். அதைத் தாங்கிக்கொண்டால், பாலைப்பழக் காலமும் ஆடிமாதத் திருவிழாக்களும் கூடவே கிடைக்கும். அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோவிலின் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு ஊரே திரளும். அந்த நாட்களில் வருவதானால் தங்குமிடத்தை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வெயிலுக்கு அஞ்சுகிறவர்கள் மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ வரலாம். வைகாசிப் பூரணையை ஒட்டிக் கண்ணகி அம்மன் கோவில்களில் கதவு திறந்து, சடங்கு நடந்து, குளிர்த்திப் பாடலோடு நிறைவடையும். ஆண்டின் மற்ற நாட்களில் பூட்டியே கிடக்கும் கோவில்கள் பல அப்போது மட்டும் திறக்கும். உடுக்கையும் சிலம்பும் ஒலிக்க, விடிய விடிய விழித்திருக்கும் ஒரு கிராமத்தைப் பார்க்கும் வாய்ப்பு அது.

வந்து சேர்வதும் தங்குவதும்

கொழும்புக் கோட்டையிலிருந்து மட்டக்களப்புக்கு நேரடி ரயில் உண்டு. பகல் பயணத்துக்கு உதயதேவி, இரவுப் பயணத்துக்கு மீனகயா. குழந்தைகளோடு வருகிறவர்களுக்குப் பகல் ரயிலையே சொல்வேன். பொலன்னறுவையைத் தாண்டியதும் காடும் வயலும் மாறி மாறி வரும். ஜன்னலோரத்தில் உட்கார்ந்த பிள்ளைக்கு அலுப்பே வராது. இருக்கையை முன்பதிவு செய்யுங்கள். மழைக்காலமென்றால் பாதை சீராக இருக்கிறதா என்று புறப்படும் முன் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தங்குவதற்குக் கல்லடியைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. எது வேண்டுமானாலும் நடந்துபோகும் தூரம். பாசிக்குடாவிலேயே எல்லா நாளும் தங்கினால் விடுதிச் சுவருக்குள் விடுமுறை முடிந்துவிடும். முதல் மூன்று இரவு கல்லடி, பிறகு தெற்கே இறங்கி இரண்டு இரவு பொத்துவில் அல்லது அறுகம்குடா என்று பிரித்துக்கொண்டால் ஓடித் திரியும் அலைச்சல் குறையும்.

ஊருக்குள் சுற்ற சைக்கிள் போதும், நிலம் தட்டையானது. படுவான்கரைக்கு முச்சக்கரவண்டியையோ வானையோ நாள் வாடகைக்குப் பேசிக்கொள்ளுங்கள். ஓட்டுநர் படுவான்கரைக்காரராக அமைந்தால் உங்கள் அதிர்ஷ்டம். எந்த வட்டையில், அதாவது வயல்வெளியில், இன்று நெல் வெட்டு நடக்கிறது, எந்த வீதியில் நேற்று யானை நின்றது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

முதல் நாள்: கரைவலையும் வாவியும்

விடியும் முன் எழுந்துவிடுங்கள். கல்லடியிலிருந்து நாவலடிப் பக்கமாகக் கடற்கரையில் நடந்தால், காலம் சரியாக இருக்கும் நாட்களில் கரைவலை இழுப்பதைப் பார்க்கலாம். தோணியில் போய்க் கடலில் வளைத்துப் போட்ட வலையின் இரு கயிறுகளும் கரையில் வெகுதூரம் விலகிக் கிடக்கும். இரண்டு வரிசையாக ஆட்கள் நின்று, குதிகாலை மணலில் புதைத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுப்பார்கள். வலை நெருங்க நெருங்க இரு வரிசைகளும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து வரும். இழுப்பவர்கள் பாடும் பாட்டின் வேகம் கூடும், காகங்களும் வந்து சேரும். கடைசியில் வலையின் பை போன்ற மடி கரையேறும்போது நெத்தலியும் சூடையும் கீரியும் வெள்ளியாகத் துள்ளும், நடுவே ஓரிரு பாரை. எல்லா நாளும் மடி நிறைவதில்லை. சில நாள் கயிறு இழுத்த கூலிக்கும் காணாது. கேட்டுவிட்டுக் கயிற்றில் கை வைத்தால் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. கயிறு சொரசொரப்பானது, உள்ளங்கை காந்தும். குழந்தைகள் இதை மறக்கமாட்டார்கள். படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். வாங்குவதானால் அங்கேயே விலை பேசி வாங்குங்கள்.

நாவலடி, டச்பார் பகுதிகளைக் கடக்கும்போது ஒரு கணம் நில்லுங்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் இந்த மணல்திட்டைத் தாண்டி ஏறியது. வீட்டுக்கு வீடு உயிரிழப்பு. நினைவிடத்தில் பூ வைப்பவர்களை இன்றும் காணலாம். அங்கே குரலைத் தாழ்த்திப் பேசுங்கள், பிள்ளைகளுக்கும் என்ன நடந்தது என்று சொல்லுங்கள்.

வெயில் ஏறியதும் மட்டக்களப்பு நகரின் மையமான புளியந்தீவு. போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய கோட்டையை 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றினார்கள். வாவியைப் பார்த்த மதிலில் ஏறி நின்றால், இந்தச் சிறு தீவுக்கு இவ்வளவு போட்டி ஏன் என்பது விளங்கும்: வாவிக்குள் வரும் வழி அந்த இடத்திலிருந்து பார்வையில் விழும். அருகிலேயே காந்தி பூங்கா, பழைய தேவாலயங்கள், 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி எல்லாம் இருக்கின்றன. கல்லடி உப்போடையில் விபுலாநந்த அடிகளின் சமாதி இருக்கிறது. காரைதீவில் 1892இல் பிறந்து, தமிழிசைக்கும் கிழக்கின் கல்விக்கும் தம்மைக் கொடுத்த மனிதர் அவர். சிவானந்தா வித்தியாலய வளவின் அமைதி அவருக்குப் பொருத்தமானதாகவே தோன்றும்.

மாலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலமீன்மடு வெளிச்சவீட்டுக்குப் போங்கள். 1913இல் கட்டியது. வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் பக்கத்திலேயே இருக்கிறது. கண்டல் மரங்களுக்கிடையே படகில் சுற்றவும் ஆள் கிடைக்கும்.

இரவுக்குப் பாடும் மீன், அதாவது வாவி நீருக்கடியிலிருந்து எழும் இசை போன்ற ஒலி. இதைக் கேட்க மூன்று வேண்டும்: காற்றில்லாத இரவு, பூரணையை ஒட்டிய நிலவு, இயந்திரம் இல்லாத தோணி. கல்லடிப் பாலத்தை அண்டி, போக்குவரத்து ஓய்ந்த பிறகு போங்கள். தோணி நின்றதும் துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் இறக்கி, மறு முனையைக் காதில் வைத்துக்கொள்ளுங்கள். மூச்சை அடக்கிச் சற்றுக் காத்திருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இலங்கையில் பிரித்தானிய ஆட்சியின் காலனித்துவச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் அதிர்வோடு அந்த ஒலியை ஒப்பிட்டு எழுதினார். அது மீனா, ஊரி என்னும் நத்தையா என்ற வாதம் ஊரில் இன்னும் ஓயவில்லை. எல்லா இரவிலும் கேட்காது என்பதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேட்காவிட்டாலும் நிலவில் வாவி நடுவே இருந்த நேரம் வீண் போகாது.

இரண்டாம் நாள்: பாசிக்குடா, முடிந்தால் காயங்கேணி

நகரத்திலிருந்து வடக்கே சுமார் 35 கிலோமீற்றர். பஸ்ஸில் வருகிறவர்கள் வாழைச்சேனையில் இறங்கி முச்சக்கரவண்டி பிடிக்கலாம். பாறைத்திட்டு அலையைத் தடுத்துவிடுவதால் நீர் குளம்போல அடங்கியிருக்கும், வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவு தாண்டாது. நீந்தத் தெரியாத பெரியவர்களும் சிறுவர்களும் கடலைப் பயமின்றிப் பழகுவதற்கு இலங்கையில் இதைவிட நல்ல இடம் நான் அறியேன். ஆனாலும் கண்காணிப்பு இல்லாமல் பிள்ளைகளை விடாதீர்கள். காலை எட்டு மணிக்குள் இறங்கி, பத்தரைக்குள் ஏறிவிடுவது உத்தமம். நீண்ட விடுமுறை நாட்களில் சன நெரிசல் அதிகம், ஆதலால் வாரநாளில் போங்கள். பக்கத்துக் கல்குடாவில் ஆட்கள் குறைவு. நடப்பதற்கு ஏற்ற கரை அது.

நீருக்கடியில் பார்க்க ஆசையென்றால் இன்னும் வடக்கே வாகரை வீதியில் காயங்கேணிக்குப் போங்கள். பவளப்பாறைகள் பாதுகாக்கப்பட்ட இடம் என்பதை மனதில் வையுங்கள். பாறைமேல் காலை ஊன்றி நிற்காதீர்கள். நாம் ஒரு நொடியில் உடைக்கும் கிளை வளர ஆண்டுகள் எடுக்கும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலும் மட்டக்களப்புக் கடலில்தான் கிடக்கிறது. அது 50 மீற்றருக்கும் கீழே, சிறப்புப் பயிற்சி பெற்ற முக்குளிப்பாளர்களுக்கு மட்டும்.

மூன்றாம் நாள்: படுவான்கரை

இந்த நாளைத்தான் யாரும் ஒதுக்குவதில்லை. எனக்கு மிகவும் பிடித்த நாளும் இதுதான்.

ஆறு மணிக்கே புறப்படுங்கள். கல்லடியிலிருந்து தெற்கே காத்தான்குடியின் பேரீச்ச மரங்களைக் கடந்து ஆரையம்பதிக்கு வாருங்கள். அங்கிருந்து மேற்கே திரும்பினால் மண்முனைப் பாலம். 2014இல் இது திறக்கும்வரை இந்தத் துறையைக் கடக்கப் படகுதான் வழி. பாலத்தைத் தாண்டியதும் காற்றே மாறிவிடும்: உப்பு மணம் போய்ச் சேறும் வைக்கோலும் மணக்கும்.

முதல் தரிப்பு கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் சிவன் கோவில். பறங்கியர் அதிகாரி ஒருவன் கல் நந்தி புல் தின்னுமா என்று எள்ளி நகைத்தானாம். நந்தி எழுந்து புல்லைத் தின்று சாணமும் போட்டதாம். இந்தக் கதையைப் புத்தகத்தில் படிப்பதைவிடக் கோவில் வாசலில் இருக்கும் பெரியவர் ஒருவரிடம் கேளுங்கள். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும்.

பிறகு வயல்வெளி வழியாக மெதுவாகத் தெற்கே இறங்குங்கள். வழியில் வேளாண்மை வெட்டும் வட்டை தென்பட்டால் வரம்போரம் வாகனத்தை நிறுத்துங்கள். இப்போது பெரும்பாலும் இயந்திரம்தான் வெட்டுகிறது, ஆனால் அதன் பின்னால் கொக்குக் கூட்டம் வரிசையாக நடந்து வருவதைப் பார்க்க வேண்டும். வயல் குடிசையான வாடியில் இருப்பவரிடம் “ஐயா, கொஞ்சம் இருந்துவிட்டுப் போகலாமா?” என்று கேட்டால் தேநீர் வராமல் இருக்காது. அங்கே விருந்தாளியைப் பட்டினியாக அனுப்பும் வழக்கமில்லை. அதற்காகப் பிள்ளைகளை முதிர்ந்த கதிருக்குள் ஓடவிடாதீர்கள். ஒரு குடும்பத்தின் ஆறு மாதச் சோறு அது.

எருமைத் தயிரை இங்கேதான் வாங்க வேண்டும். மண்சட்டியை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். நல்ல தயிர் அசையாது, ஓரத்தில் நீர் பிரிந்திருக்காது, மேலே ஆடை சற்று மஞ்சளாகத் திரண்டிருக்கும். கரண்டியால் வெட்டி எடுத்தால் வெட்டிய இடம் அப்படியே நிற்க வேண்டும். வாழைப்பழமும் சீனியும் போதும். கித்துள் பாணி கிடைத்தால் இன்னும் நல்லது.

மண்டூர் முருகன் கோவிலைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். திரைக்குப் பின்னால், வாயைத் துணியால் கட்டி நடத்தும் பூசை அது. உள்ளே என்ன இருக்கிறது என்று துருவிக் கேட்பது அங்கே மரியாதையல்ல. மண்டூரிலிருந்து குருமண்வெளிக்கு வாவியைக் கடக்கப் ‘பாதை’ உண்டு. மிதவையின் மேல் பலகை அடித்த அந்தத் தட்டையில் மோட்டார்சைக்கிள், மூட்டை, பாடசாலைப் பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாக நிற்பார்கள். ஓடும் நேரத்தைக் கடைத்தெருவில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஓடவில்லையென்றாலோ வாகனம் பெரிதென்றாலோ பெரியபோரதீவு வழியாகப் பட்டிருப்புப் பாலத்தால் களுவாஞ்சிகுடிக்கு வந்துவிடலாம். திரும்பும் வழியில் களுதாவளையில் வெற்றிலைத் தோட்டங்களின் நிழலைப் பாருங்கள். நடுப்பகலிலும் உள்ளே குளிராக இருக்கும்.

நேரம் மிஞ்சினால், அல்லது இன்னொரு நாள் கிடைத்தால், வலையிறவுப் பாலத்தால் வவுணதீவு சென்று உன்னிச்சைக் குளம் வரை போய்வரலாம். குளக்கட்டிலிருந்து மேற்கு மலைகள் நீலமாகத் தெரியும்.

எங்கே போனாலும் ஐந்து மணிக்குமேல் படுவான்கரையின் உள்வீதிகளில் நிற்காதீர்கள். அந்தி சாய்ந்தால் யானை இறங்கும். வேளாண்மைக்காரர் இரவெல்லாம் காவல் இருப்பது உல்லாசத்துக்கல்ல. யானையைக் கண்டால் வாகனத்தைத் தள்ளி நிறுத்துங்கள், விளக்கடித்து விரட்டவோ இறங்கிப் படமெடுக்கவோ வேண்டாம்.

நான்காம், ஐந்தாம் நாட்கள்: தெற்கே

கல்லடியிலிருந்து பொத்துவில் சுமார் 110 கிலோமீற்றர். நேராகப் போனால் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம், ஆனால் நேராகப் போகக் கூடாது. மருதமுனையில் இறங்கிக் கைத்தறிச் சாரமும் சேலையும் பாருங்கள். தறியடி ஒலிக்கும் வீட்டில் கேட்டால் உள்ளே கூப்பிட்டுக் காட்டுவார்கள். இந்த நெடுஞ்சாலை தமிழ், முஸ்லிம் ஊர்கள் மாறி மாறிக் கோத்தது. மதியச் சாப்பாட்டுக்குக் கல்முனை, அக்கரைப்பற்று ஊர்களில் எங்கே நின்றாலும் பழுதில்லை. வட்டிலப்பத்தை விட்டுவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில் கடைகள் சாத்தியிருக்கும், அதற்கேற்பப் புறப்படுங்கள். இந்த ஊர்களுக்குள் கடல் குளித்த ஈர உடையோடு இறங்காதீர்கள்.

திருக்கோவிலில் சித்திரவேலாயுத சுவாமி கோவில் கடலைப் பார்த்தபடி நிற்கிறது. மாலை வெயிலில் அந்த வெளிவீதியில் கொஞ்ச நேரம் இருங்கள்.

அறுகம்குடா உலகறிந்த அலைச்சறுக்கு இடம், ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை கூட்டம். நம் பிள்ளைகள் ஏன் கற்கக் கூடாது? புதியவர்கள் சிறிய அலையுள்ள இடத்தில் பயிற்றுநரோடு தொடங்க வேண்டும். பெரிய முனையில் அடியில் பாறை; அது பழகியவர்களுக்குரியது. அலை வேண்டாதவர்கள் பொத்துவில் களப்பில் படகேறிக் கண்டல் காட்டுக்குள் போகலாம். லாகுகலைக் குளத்தில், வறண்ட மாதங்களில், யானைகள் புல்லுக்கு இறங்குவதைப் பார்க்கலாம்.

ஐந்தாம் நாள் பாணமை வழியாக உகந்தை. காட்டுக்கும் கடலுக்கும் நடுவே பாறைமேல் முருகன். ஆடிவேல் காலமென்றால் கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார்கள் இங்கே தங்கி, குமண காட்டுக்குள் இறங்குவார்கள். குமண தேசிய பூங்காவின் வாயிலும் உகந்தையில்தான். ஏப்ரல் முதல் ஜூலை வரை நீர்ப்பறவைகள் கூடுகட்டும். ஜீப்பை முதல்நாளே பேசிவிடுங்கள். அம்பாறை நகரப் பக்கம் போகிறவர்கள் இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரத்தில் படகில் போய்த் தீவுத் திட்டுகளில் மேயும் யானைகளைக் காணலாம். இரண்டையும் ஒரே நாளில் திணிக்க வேண்டாம்.

உயிருக்கு உத்தரவாதம்

கல்லடிக் கடல் பார்க்க அமைதியாக இருக்கும் நாளிலும் உள்ளிழுக்கும் நீரோட்டம் உண்டு, உயிர்கள் போயிருக்கின்றன. அங்கே காலை நனைத்துக்கொண்டு, குளிப்பைப் பாசிக்குடாவுக்கு வையுங்கள். வாவியிலும் குளங்களிலும் முதலை இருக்கிறது, ஊரார் குளிக்கும் இடம் எதுவென்று கேளாமல் இறங்காதீர்கள். சொறிமுட்டை (ஜெலிமீன்) பட்டால் தேய்க்காமல் கடல்நீரால் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். அவசர அம்புலன்ஸுக்கு 1990, கட்டணமில்லை.

மூடிய செருப்பு, தொப்பி, நுளம்பு விரட்டும் களிம்பு, கோவிலுக்கு ஒரு வேட்டி அல்லது சேலை, திரும்ப நிரப்பக்கூடிய தண்ணீர்ப் போத்தல் கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக்கைக் கரையில் விட்டுச் செல்லாதீர்கள், கடைசியில் அது கரைவலையின் மடிக்குள்தான் வந்து சேர்கிறது.

ஊர் திரும்பும் நாளில் தயிர்ச்சட்டி வாங்குவதானால் புறப்படும் காலையிலேயே வாங்கி, வாயைத் தாளாலும் நூலாலும் இறுக்கக் கட்டச் சொல்லுங்கள், ரயிலில் காலடியில் நேராக வையுங்கள். கருவாட்டை நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து எடுங்கள். விரலால் அழுத்தினால் பள்ளம் விழக் கூடாது.